பனியில் புதைந்தவன் எந்தப் பிரிவு?

போர்ட் பிளேரில் ஒரு பேரிடர் ஆயத்த அலுவலகம். மெயின்லேண்டிலிருந்து அதற்கு ஓர் உத்தரவு வந்தது. ஊழியர்கள் அனைவரும் ஒரு மலைப் பேரிடர் படத்தைப் பார்த்து, அதன் முடிவிலிருந்து பாடம் கற்க வேண்டும். அந்தமானில் பனி என்றால் மீன் பெட்டிக்குள் கிடப்பதுதான். இருந்தாலும் உத்தரவு உத்தரவல்லவா?

படத்தில் மலையேறப் போன ஒருவனைப் பனிச்சரிவு மூடிவிட்டது. கடைசியில் அவன் கை மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு விரல் அசைந்தது போல இருந்தது. உடனே திரை இருண்டது.

"செத்தானா, பிழைச்சானா?" என்று அலுவலகத் தலைவர் பக்தவத்சலம் கேட்டார்.

மீட்புப் பிரிவு சுதாகர் எழுந்தார். "செத்துட்டான் சார். விரல் காத்துல ஆடுது." பிழைத்திருந்தால் தோண்டி எடுக்கும் வேலை அவர் தலையில் விழும்.

"உயிரோடதான் சார் இருக்கான்," என்றார் நிவாரணப் பிரிவு உமா மகேஸ்வரி. "நகம்கூட சிவப்பா இருக்கே!" செத்திருந்தால் நிவாரணம் கொடுக்கும் வேலை அவருடையது.

இரு தரப்பும் மிகுந்த கடமையுணர்ச்சியோடு வாதாடின. கடைசிக் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. வெளியே மழை கொட்டியது.

அப்போது குட்வில் எஸ்டேட் பகுதியிலிருந்து மங்கையர்க்கரசி நனைந்தபடி ஓடிவந்தாள்.

"சார், எங்க வீட்டுக்குப் பின்னால மேடு பிளந்துக்கிட்டு நிக்குது. சமையற்கட்டுக்குள்ள சேறு வந்துருச்சு. ஆள் அனுப்புங்க!"

"யாராவது மாட்டிக்கிட்டாங்களாம்மா?" என்றார் சுதாகர்.

"இல்ல சார்."

"அப்ப மீட்புக்கு வழியில்ல."

"யாராவது இறந்துட்டாங்களா?" உமா மகேஸ்வரியின் குரலில் உண்மையான பரிவு இருந்தது.

"ஐயோ, இல்லம்மா! அதுக்கு முன்னாடி சொல்லிரலாம்னுதான் வந்தேன்."

"முன்னாடியே வந்தா நாங்க என்னம்மா செய்யறது?"

பக்தவத்சலம் நல்ல மனிதர். அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். "உட்காருங்கம்மா. பொதுமக்கள் கருத்தும் எங்களுக்கு வேணும். அந்த விரலைக் கொஞ்சம் பாருங்க."

அவள் விரலைப் பார்க்கவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் பறந்தாள். பிள்ளைகளை வெளியே இழுத்துப் போட்டாள். அவள் கணவன் சிவபிரகாஷ், கட்டிப் போட்டிருந்த ஆட்டை அவிழ்க்கக் கொல்லைக்கு ஓடினான். அக்கம்பக்கத்தார் மொத்தப் பேரும் உதவிக்குக் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் போன். மேடு சரிந்தது. சமையற்கட்டு சேற்றில் மூழ்கியது. படமெடுத்தவர்கள் பயந்து பின்வாங்கியதில் வீடியோ அங்கேயே நின்றுவிட்டது.

சிவபிரகாஷ் ஆட்டோடு பக்கச் சந்து வழியாகத் தவழ்ந்து வெளியே வந்தான். அதை யாரும் படமெடுக்கவில்லை. மங்கையர்க்கரசி மட்டும் அவன் சேற்றுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை ஜங்லிகாட் டீக்கடையில் எல்லோரும் அந்த வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆளு போயிட்டான்."

"இல்ல, ஓரமா ஒரு கால் தெரியுது பாரு."

டீ குடித்துக்கொண்டிருந்த சிவபிரகாஷ் எழுந்து வந்தான். "நான்தாங்க அது. எனக்கு ஒண்ணும் ஆகல. ஆடுகூடப் பிழைச்சிருச்சு."

"சுப் ரஹோ பாய், சும்மா இரு," என்றார் ஒருவர், தலையைத் தூக்காமலே. "வீடியோவுல அப்படி ஒண்ணும் வரலையே."

சிவபிரகாஷ் போனை வாங்கிப் பார்த்தான். மறுபடி போட்டுப் பார்த்தான். பெரிதாக்கியும் பார்த்தான்.

"செத்த மாதிரிதாங்க இருக்கு," என்றான்.