'பார்க்கலாம்' என்ற தலைப்பின்கீழ்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான்; சக்கரத்தைக் கண்டுபிடித்தான். ஆனால் அவை இரண்டையும் எந்தத் தலைப்பின்கீழ் எழுதி வைப்பது என்று தெரியாமல் பல்லாயிரம் ஆண்டுகள் திண்டாடினான். அந்தத் திண்டாட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த பெருமை, ஆவணக் காப்பு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில், சக்கரம் கழன்ற நாற்காலியில் அமர்ந்திருந்த ஓர் உதவிக் கண்காணிப்பாளரையே சாரும். அலுவலகத்தில் அவரைப் 'பட்டியலார்' என்று அழைத்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான்; ஆனாலும் மரியாதை விகுதியோடு.

அவர் கண்ட 'முறை' எளிமையானது. கணினியிலும் போனிலும் திறக்கும், வெறும் எழுத்தை மட்டுமே ஏற்கும் ஒரு கோப்பு. அதில் நிறம் கிடையாது, படம் கிடையாது, பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பேதமும் கிடையாது. செய்ய வேண்டிய வேலை எதுவானாலும் ஒரு வரி. வரிக்கு மேலே ஒரு தலைப்பு. ஐந்து தலைப்புகளோடு தொடங்கியது ஆறே மாதத்தில் அறுபத்திரண்டாயிற்று. '#அவசரம்', '#அவசரமில்லாத அவசரம்', '#பேச வேண்டியவை', '#பேசியவை', '#பேசியதைப் பற்றிப் பேச வேண்டியவை' என்று வம்சம் தழைத்தது.

ஒரு மழைநாளில் அலுவலகக் கூரை ஒழுகியபோது, அது '#கட்டிடம்' வகையைச் சேர்ந்ததா, '#தண்ணீர்' வகையைச் சேர்ந்ததா என்று தீர்மானிக்க அவர் தலைமையில் கூட்டம் கூடியது.

"கட்டிடம்தான் சார். கூரை கட்டிடத்துலதானே இருக்கு?" என்றார் தட்டச்சர்.

"ஒழுகறது கூரையா, தண்ணியா?" என்று மடக்கினார் பட்டியலார்.

விவாதம் இரண்டரை மணி நேரம் நடந்தது. கூட்டம் முடிவதற்குள் நாற்பது வருடப் பதிவேடுகள் தாமாகவே '#தண்ணீர்' பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டதால், முடிவெடுக்கும் சிரமம் மிச்சமாயிற்று. மேலதிகாரி நேரில் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

அறுபத்திரண்டிலும் பட்டியலார் உயிரை வைத்திருந்தது '#பார்க்கலாம்' மீதுதான். முடியாது என்று சொன்னால் மனம் புண்படும். சரி என்று சொன்னால் வேலை வந்து தலையில் விழும். இரண்டு ஆபத்தும் இல்லாத வார்த்தை அது. லீவு கேட்டவரிடம் மேலதிகாரி சொல்வதும் அதுதான். வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டவரிடம் நாம் சொல்வதும் அதுதான்.

இப்படிப் பெயரும் புகழுமாக இருக்கையில், அவருடைய அம்மா வாசல் நிலையில் இடித்துக்கொண்டார்.

அம்மா தபால் நிலையத்தில் முப்பது வருடம் கடிதம் பிரித்தவர். பிரித்தவர் என்றால் உறையைக் கிழித்துப் படித்தவர் அல்ல. ஊர்வாரியாக, தெருவாரியாகப் பிரித்தவர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "எவன்டா இந்த நிலையை நகர்த்தி வெச்சது?" என்று சண்டைக்கு வந்தார். மறுநாள் தண்ணீரைத் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். அதற்கும் தம்ளரைத்தான் திட்டினார்.

கண் டாக்டர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு. சொட்டு மருந்துக்கு இறங்கலை. வலது கண்ல பார்வை போயாச்சு, அது திரும்பி வராது. இடது கண்ணைக் காப்பாத்தணும்னா மூணு வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணும். நாள் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"எழுதிக்கறதை என்கிட்ட விட்டுடுங்க டாக்டர்" என்றார் பட்டியலார் கம்பீரமாக.

வீட்டுக்கு வந்ததும் கோப்பைத் திறந்தார். '#அவசரம்' என்ற தலைப்பில் மூன்று வரிக்கு மேல் கூடாது என்பது விதி. அங்கே கடவுச்சொல் மாற்றுவதும், நாற்காலிச் சக்கரமும், தட்டச்சரின் பிரிவு விழாவுக்கான வாழ்த்துரையும் சட்டமாக உட்கார்ந்திருந்தன. '#உடம்பு' என்பது அவருடைய உடம்பு. '#அம்மா' என்ற தலைப்பில் செருப்பு வாங்கும் வேலை இருந்தது; கண்ணைக் கொண்டுபோய்ச் செருப்போடு வைப்பது மரியாதையாகப் படவில்லை. யோசித்து யோசித்து, தற்காலிகமாக '#பார்க்கலாம்' என்பதன் கீழே 'அம்மா கண்' என்று எழுதினார். கண் விஷயம், தலைப்பும் பொருத்தமாக வாய்த்துவிட்டது.

"நாள் குறிச்சாச்சாடா?" என்று கேட்டார் அம்மா.

"குறிச்சாச்சும்மா."

"என்னிக்கு?"

"நாள் இன்னும் குறிக்கலை. விஷயத்தைக் குறிச்சாச்சு."

முதல் வாரம் அந்த ஒரு வரியை அவர் பதினான்கு வரியாக விரித்தார். 'அம்மா கண் – வலது', 'அம்மா கண் – இடது', 'அம்மா கண் – யாரிடம் கேட்பது', 'அம்மா கண் – கேட்கலாமா' என்று வேலை மளமளவென்று முன்னேறியது. இரண்டாம் வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போனில் கூப்பிட்டார். அதை '#வந்த அழைப்புகள்' பகுதியில் நேரத்தோடு பதிந்தார். நர்ஸ் மறுபடி கூப்பிட்டார். அதையும் பதிந்தார். ஒரு அழைப்புகூட விட்டுப்போகவில்லை.

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. புடவை மாற்றிக்கொண்டு, பையைத் தேடித் தடவி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "நானே போறேன். உன் பட்டியல் முடியறதுக்குள்ள என் ஆயுசு முடிஞ்சுடும்."

"துணைக்கு வர்றவங்க கையெழுத்து போடணும்மா. கையெழுத்து விஷயம் '#காகிதங்கள்'ல இருக்கு. அந்தத் தலைப்பைச் சனிக்கிழமைதான் திறக்கறது."

அம்மா பையைக் கீழே வைத்தார். "நானும்தான்டா பிரிச்சேன், ஒரு நாளைக்கு நாலாயிரம் கடுதாசி. சாயங்காலம் ஆனா ஒண்ணுகூட மேஜையில இருக்காது. நாங்க பிரிச்சது கொண்டுபோய்ச் சேர்க்கறதுக்கு. நீ பிரிக்கறது எதுக்குடா?"

நல்ல கேள்வி என்று பட்டியலாருக்குத் தோன்றியது. '#யோசிக்க வேண்டியவை' என்பதில் சேர்த்தார்.

வெளியூரிலிருந்து அக்கா போன் செய்தார். "அம்மா கண்ணு என்னடா ஆச்சு?"

"லிஸ்ட்ல இருக்குக்கா."

"லிஸ்ட்ல எதுக்குடா இருக்கணும்? ஆஸ்பத்திரியில இருக்கணும். நான் புறப்பட்டு வரட்டுமா?"

"நீ வந்தா '#விருந்தினர்'னு ஒரு தலைப்பு புதுசா போடணும். எதுக்கு வீண் அலைச்சல்? நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தினமும் காலையில் கோப்பைத் திறந்து அந்தப் பதினான்கு வரியையும் பார்த்தார். பார்த்ததும் மனசுக்குப் பாதி வேலை ஆனது போலிருந்தது. தாயின் மேல் பாசம் இல்லாதவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. இவ்வளவு வரி வேறு யாருக்கும் அவர் ஒதுக்கியதில்லை.

ஆறாவது வாரம் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். "யாரு?" என்று கேட்டார் அம்மா, மூன்றடி தூரத்திலிருந்து. அக்கா பெட்டியைக்கூட உள்ளே வைக்கவில்லை. வந்த வண்டியிலேயே அம்மாவை ஏற்றினார். பட்டியலார் பின்னால் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

டாக்டர் இடது கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டுப் பட்டியலார் பக்கம் திரும்பினார்.

"மூணு வாரம்னு சொன்னேனே?"

"எழுதி வெச்சிருக்கேன் டாக்டர்" என்று போனை எடுத்து நீட்டினார். தேதி, நேரம், டாக்டர் சொன்ன வார்த்தைகள் எல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தன. டாக்டர் அதை வாங்கவில்லை.

"இனிமே ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்லை. வெளிச்சம் தெரியும். ஆள் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் அக்கா அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தார். அம்மா கைப்பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வழக்கமான சண்டை எதையும் போடவில்லை. அது பட்டியலாரை என்னவோ செய்தது. என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தார். கோப்பைத் திறந்தார்.

"என்னடா தட்டிட்டிருக்கே?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

இனிச் செய்யத் தேவையில்லாத வேலையை '#முடிந்தவை' பகுதிக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. தேடிப் போனார். கோப்பின் கடைசியில் இருந்தது அந்தத் தலைப்பு. அதன் கீழே ஒரு வரிகூட இல்லை. இத்தனை மாதத்தில் அங்கே வந்து சேரும் முதல் வேலை 'அம்மா கண்'தான்.

ஒவ்வொரு வேலைக்கும் நேரே, அதை முடித்தவர் பெயரை எழுத வேண்டும் என்பதும் அவரே வகுத்த விதி. விரல் கொஞ்ச நேரம் எழுத்துகளின் மேல் நின்றது. ஆனால் தம் முறையை அவர் ஒருநாளும் மீறியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்:

'முடித்தவர்: நான்.'