அப்படியே வந்து அப்படியே விடணும்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும், படகுப் பயிற்சிக்காக வந்து தங்கியிருக்கும் உங்கள் மனைவியும் சுகம். என் வலது மணிக்கட்டும் தொண்டையும் மட்டும் சுகமில்லை. இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். கருத்து நேராகத்தான் இருக்கும்.

என் மகள் அடுத்த மாதம் படகோட்டி உரிமத்துக்கான பரீட்சைக்குப் போகிறாள். அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நீங்கள் நடத்தும் படகுப் பயிற்சிப் பள்ளியோ, பயிற்றுநர் சான்றிதழ் இல்லாதவர் பள்ளிப் படகில் யாருக்கும் சொல்லித்தரக் கூடாது என்கிறது. ஆயுசு முழுக்கப் பயணிகள் படகு ஓட்டியவனுக்கு இந்த விதியிலிருந்து விலக்குத் தரும்படி மிகுந்த பணிவோடும் கொஞ்சம் கோபத்தோடும் கேட்டுக்கொள்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

நீங்கள் சொன்னீர்களே என்று அந்தச் சான்றிதழ்த் தேர்வுக்கும் போய் வந்துவிட்டேன். தேர்வு நடத்திய அம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். படகையே தொட்டறியாத ஒரு தையல்காரரை எனக்கு மாணவராகப் படகில் ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்து, படகைத் துறையில் இடிக்காமல் எப்படிக் கொண்டுவந்து நிறுத்துவது என்று இவருக்கு விளக்குங்கள் என்றார். விளக்கினேன்.

“அப்படியே வந்து அப்படியே விடணும்.”

“எப்படிங்க ஐயா?” என்றார் தையல்காரர்.

“அப்படியேதான். தண்ணியே சொல்லும்.”

தண்ணீர் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. படகு நேரா துறைக் கல்லைப் பார்த்துப் போகுது, அவர் ஸ்டீயரிங்கைத் தையல் மெஷின் சக்கரம் மாதிரி ஒரே பக்கமா உருட்டிக்கிட்டிருக்கார், நான் ‘மெதுவா, மெதுவா’ன்னு கத்துறேன், நான் கத்தின கத்துல பயந்து அவர் வேகத்தைக் கூட்டிட்டார். பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா மாப்பிள்ளை? கை தானா போய் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுது. அவர் விடணுமே. கத்தரிக்கோல் பிடிச்ச கைக்கு எவ்வளவு வலுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மணிக்கட்டு பிசகிடுச்சு. அந்தக் கையாலயே படகைத் திருப்பி, பூப்போலக் கொண்டுபோய்த் துறையில வெச்சேன். ஒரு கீறல் இல்லை. ஃபெயில்னு போட்டுட்டாங்க.

“படகை அருமையா ஓட்டினீங்க ஐயா. ஆனா அவர் இன்னும் ஓட்டவே இல்லையே” என்றார் அந்த அம்மா. இதெல்லாம் ஒரு காரணமா? படகு இடிக்கப் போகும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவனுக்குத்தான் சான்றிதழா என்று அங்கேயே கேட்டேன். தொண்டை போனது அப்போதுதான்.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு அவளை நம்பி ஒரு படகு நிறைய ஜனங்கள் உட்காருவார்கள். காற்று மாறும்போது பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரியாமல் அவளைத் தண்ணீரில் விட எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்காகத்தான் இத்தனை கெஞ்சல்.

உங்கள் உடம்பும் உத்தியோகமும் நன்றாக இருக்கட்டும், போகிற பக்கமெல்லாம் காற்று உங்களுக்கு அனுகூலமாக வீசட்டும். நேரத்துக்குச் சாப்பிடும்படி மாமியார் எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
தேர்வில் தோற்றாலும் துறையில் தோற்காத
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் மனைவி என்னை நம் பழைய படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். கையில் கட்டு, தொண்டையில் சத்தமில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். முதல் தடவை துறையில் இடித்தாள். எனக்கு உயிர் போய் வந்தது. அடுத்த தடவை உரசினாள். அதற்கடுத்த தடவை, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கொஞ்சம் நின்று பார்த்து, முன்கூட்டியே எஞ்சினைக் குறைத்து, மீதித் தூரத்தைப் படகின் போக்கில் விட்டுவிட்டாள். படகு அப்படியே வந்து அப்படியே நின்றது.

“இன்னைக்குத்தான்பா நீங்க ஒழுங்கா சொல்லிக் குடுத்தீங்க” என்றாள். நான் வாயே திறக்கவில்லை மாப்பிள்ளை.

மேலே கேட்டதையெல்லாம் மறந்துவிட்டு, அடுத்த பயிற்றுநர் வகுப்பில் எனக்கு ஓர் இடம் போட்டு வையுங்கள். கைக்கட்டை நாளைக்குப் பிரித்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் பரீட்சை முடியும்வரை பிரிக்க வேண்டாம் என்கிறாள் உங்கள் மனைவி. நானும் சரி என்றுவிட்டேன்.