நான் பாடிய ‘அனான்’

எனக்குப் பாட வராது. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. எழுபதுகளில், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் சொல்லத்தான் தைரியம் இல்லை.

அப்போது பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருஷம். மறுநாள் பரீட்சை. விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நடந்துகொண்டே ‘அனான்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் வரலாற்றை நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறந்தபோது அதற்கு ‘ஒன்றாக’ என்று அர்த்தமாம். அப்புறம் ‘உடனே’ ஆயிற்றாம். உடனே வருகிறேன் என்றவர்கள் யாரும் உடனே வராததால் ‘கொஞ்ச நேரத்தில்’ என்று தேய்ந்துபோனதாம். இதையெல்லாம் ராகம் போட்டு இழுத்துப் படித்தால்தான் என் மண்டையில் ஏறும்.

அந்த நேரம் பார்த்து திட்டக்குடியிலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை எங்கள் ஊரிலேயே ஒரு செராமிக் கம்பெனியில் சூப்பர்வைசர். முன்பு வந்த குடும்பங்கள் எல்லாம் "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று போனவைதான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இவரை ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பிடித்துவிட்டது. காபித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

"பொண்ணு பாடுமாங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அதெல்லாம் நல்லா பாடும்ங்க" என்றார் அப்பா. (அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.)

கண்ணை மூடினேன். தெரிந்த ஒரே பிள்ளையார் பாட்டும் மறந்துபோயிற்று. வாயைத் திறந்தேன், ‘அனான்’ வந்தது. ஆங்கிலத்தில், முதல் வரியிலிருந்து, அதே இழுவையோடு. நிறுத்தத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அத்தை தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டதால் நிறுத்தவும் முடியவில்லை.

‘உடனே’ வரைக்கும் வந்து கண்ணைத் திறந்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் கையிலிருந்த கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். செராமிக் கம்பெனிக்காரர்களுக்கு எந்தக் கப் கிடைத்தாலும் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும், சூளையில் சரியாக வெந்திருக்கிறதா என்று. பதற்றத்தில் அவரும் கவிழ்த்தார். முழுக் காபியோடு.

"டேய், இது என்ன ஃபேக்டரியா?" என்றார் அவர் அம்மா. அத்தை மட்டும் கலங்கவில்லை. "இங்கிலீஷ் பாட்டா இருந்தாலும் உருக்கமா இருந்துச்சும்மா" என்றார்.

அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை கிளம்பினார். "உடனே சொல்லி அனுப்புறோங்க" என்றார் அவர் அம்மா. அந்த ‘உடனே’ எப்படித் தேயும் என்று ஊரிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். எல்லாம் போச்சு என்று பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் பரீட்சையில் அந்தக் கேள்வியும் வரவில்லை.

அந்த வாரமே அவர் சைக்கிளில் வந்தார், வேட்டியைத் திருப்பித் தர. துவைத்து மடித்திருந்தது. அப்பாவிடம் நீட்டிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"வூட்ல எல்லாருக்கும் சம்மதங்க. அந்தப் பாட்டு பாதியில நின்னுபோச்சு. மீதி என்னன்னு அத்தை கேக்குறாங்க."

பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இன்றும் ஏதாவது விசேஷத்தில் யாராவது என்னைப் பாடச் சொன்னால், பிள்ளைகள் எல்லோரும் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் கையிலிருக்கும் கப்பைக் கீழே வைத்துவிடுவார்.