நல்லா இருக்கு என்றால் பத்து ரூபாய்

அன்றைக்கு மெர்சி அக்காவின் மொட்டைமாடியில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கும் மெர்சி அக்கா. பேங்கில் கேஷியராக இருந்து ரிடையரான, மயிலாப்பூர் பேங்க் மாமா. அதே மயிலாப்பூரில் சாமி படத்துக்கும் செத்தவர் படத்துக்கும் ஃப்ரேம் போட்டுக் கொடுக்கும் நான். நாலாவது, ஃப்ரிட்ஜ் அண்ணன். தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. அதைச் சாட்சிக் கணக்கில் சேர்க்க முடியாது. இதை முதலிலேயே எழுதிவைக்கக் காரணம், அன்றைக்கு ஃப்ரிட்ஜ் அண்ணன் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்கு இப்போது வேறு அர்த்தம் சொல்கிறார். காதால் கேட்டவர்கள் மூன்று பேர் உயிரோடு இருக்கிறோம்.

இந்தச் சென்னையில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, உள்ளே பார்க்காமல், மூக்கை மட்டும் நீட்டி, அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்கிறார்களா இல்லையா என்று சொல்லக்கூடிய மெக்கானிக் ஒரே ஒருவர்தான். நந்தனத்தில் ஒரு வீட்டில் நானே கூட இருந்து பார்த்தேன். கதவைத் திறந்தார். கண்ணை மூடினார். ஒரு இழுப்பு.

"ரெண்டு மாவு கீது. ஒண்ணு நேத்து அரைச்சது, ஒண்ணு முந்தாநேத்து. நாலு பேரு இருக்கற வூட்டுல இன்னாத்துக்கு ரெண்டு மாவு? ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. மத்தபடி மிசினு நல்லாத்தான் கீது."

வீட்டுக்காரர், அண்ணன் கேட்ட கூலிக்கு மேலேயே கொடுத்து, சீக்கிரம் கிளம்பச் சொன்னார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கடைப் பலகையில் 'எல்லா கம்பெனி ஃப்ரிட்ஜும் பார்க்கப்படும்' என்று இருக்கிறதே தவிர, பார்ப்பவர் யார் என்று இல்லை.

இப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். பீர். போதைக்கு இல்லை. அரை டம்ளருக்கு மேல் அவர் குடித்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பீரும் எதைப் போல இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். அதற்காக மெர்சி அக்காவின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கூடுவோம். மாடிக்கு வாடகை, அக்காவுக்கு ஒரு டம்ளர்.

பீர் வாங்க அவரோடு போவதைப் போல எனக்குப் படபடப்பு தரும் காரியம் வேறில்லை. எல்லாரும் கம்பிக்குள் கையை விட்டு "கூலிங்கா குடுப்பா" என்று கத்துவார்கள். கடைக்காரர் "கூலிங் இல்ல" என்றதும் பாதி வரிசை திட்டிக்கொண்டே கலையும். அண்ணன் மட்டும் முகம் மலர்ந்து முன்னே போவார்.

"கூலிங் இல்லாததா? அத்த குடு நைனா!"

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்ப்பார். "ஏம்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஐஸாட்டம் குடிச்சா நாக்கு மரத்துப் பூடும். அப்பால பீரு இன்னா, பினாயிலு இன்னா?"

சொல்வது யார்? ஊருக்கெல்லாம் ஃப்ரிட்ஜைக் குளிர வைத்துச் சம்பாதிக்கிறவர். அதோடு விட்டால் பரவாயில்லை. பாட்டிலை செல்போன் வெளிச்சத்தில் பிடித்து, எந்த மாசம் தயாரித்தது என்று லேபிளைப் படிக்க ஆரம்பிப்பார். பின்னால் இருபது பேர். "யோவ், பொண்ணு பாக்க வந்தியா, பீரு வாங்க வந்தியா?" என்று ஒருத்தர் கேட்டே விட்டார். அந்த இருபது பேரில் ஒருத்தர் என் மாமனாரின் தம்பியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் கர்ச்சீப்பை மூக்கு வரை கட்டிக்கொண்டு நிற்பேன். அதனால்தான் போலீஸ்காரர் ஒரு தடவை என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

மாடியில் ஒரு சட்டம் உண்டு. பீரைக் குடித்துவிட்டு 'நல்லா இருக்கு' என்று சொல்லக் கூடாது. சொன்னால் பத்து ரூபாய் அபராதம். அதைப் பழைய ஊறுகாய் பாட்டிலில் போட வேண்டும். வேர்க்கடலைச் செலவுக்கு ஆகும்.

"நல்லா கீதுன்றது ஒரு பதிலா? சம்பந்தி வூட்டுல சொல்ற வார்த்தை அது. எதாட்டம் கீது? அத்த சொல்லு" என்பார்.

அவர் சொல்வார். முதல் மடக்கை வாயிலேயே வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் பார்ப்பார். கீழே மின்சார ரயில் ஒன்று போய் முடிகிற வரைக்கும் விழுங்க மாட்டார். "புழுங்கலரிசி ஒலை. மூணாவது கொதி. பின்னால லேசா தேன்" என்பார். நாங்கள் மறுபடி குடித்துப் பார்த்தால், சத்தியமாக அரிசி கொதிக்கும். இன்னொரு பாட்டிலுக்கு, "பந்தி முடிஞ்சி எல எடுத்துக்கினு போறான் பாரு, அப்ப ஒரு வாசன வரும்" என்றார். அதற்கப்புறம் அந்த பீரைக் குடித்தாலே எனக்கு யாருக்கோ மொய் எழுத மறந்துவிட்ட கலக்கம் வரும்.

எல்லாவற்றையும் தன் சர்வீஸ் பில் புத்தகத்திலேயே எழுதுவார். 'வாடிக்கையாளர் பெயர்' என்ற இடத்தில் பீரின் பெயர். 'புகார்' என்ற இடத்தில் ருசி. 'முதல் வாயில் ஒன்றும் இல்லை. விழுங்கியபின் பழைய ரூபாய் நோட்டு.' 'சரிசெய்த விவரம்' என்ற இடத்தில், 'ஒன்றும் செய்வதற்கில்லை.'

பேங்க் மாமா சட்டத்தில் சந்து தேடுகிறவர். ஒரு நாள் குடித்துவிட்டு, "பேஷ்!" என்றார்.

"மாமா, பத்து ரூபா எட்து வையி."

"ஏன்? நல்லா இருக்குன்னு சொன்னேனோ? பேஷ்னுதானே சொன்னேன்?"

அன்றோடு பேஷ், சபாஷ், சூப்பர், தேவலாம் நாலும் சட்டத்துக்குள் வந்தன. மாமா வீட்டில் பஜனைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறவர். "ஆத்துல கேக்கறா ஓய்! அதென்ன பஜனை, போய்ட்டு வந்தா ஏப்பமா வர்றதுண்டு!" என்று பயந்தார். வாய் நாற்றம் போக மெல்ல நான் கொண்டுவரும் கொய்யா இலையில் அன்றுமுதல் அவருக்கும் பங்கு.

மெர்சி அக்காவுக்கு எல்லாம் மீன்தான். "இது ஐஸ் பொட்டில ரெண்டாம் நாளு சங்கரா" என்றால், லேபிளைப் பார்க்க வேண்டியதே இல்லை, பழைய சரக்கு. அண்ணனின் மூக்குக்குச் சமமாக மூக்கு வைத்திருந்தவர் அவர் ஒருத்தர்தான். அதில் அண்ணனுக்கு உள்ளூரக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

எனக்குத்தான் வார்த்தை வராது. எட்டாவதோடு நின்றவன். அதிலும் நாலு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளதும் மறந்துபோகும். பயத்தில் "நல்லா இருக்குண்ணே" என்று சொல்லிவிடுவேன். அந்த ஊறுகாய் பாட்டிலில் பாதி என் காசு. அண்ணன் போட்டது ஒரு பைசா கிடையாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, மழைக்காலத்தில் அண்ணனுக்கு ஜுரம் வந்தது. பத்து நாள் படுத்து எழுந்தார். எழுந்தவர் என் வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்தார். "இன்னா கம்ப்ளைண்டு?" என்று கேட்டார்.

அவர் கேட்டதே கிடையாது; அவர்தான் சொல்வார். உள்ளே, சீசன் தப்பிக் கிடைத்த ஒரு பலாப்பழத்தை அறுத்து, பாதியை மூடாமல் வைத்திருந்தோம். மூன்றாவது வீட்டுப் பையன் வாசலில் நின்று "பலாப்பழமா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனான். அண்ணன் அதன் மேலேயே முகத்தை வைத்துக்கொண்டு, தெர்மோஸ்டாட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. மாடியில் கவனித்தேன். வழக்கம்போல ரயில் போகும் வரை வாயில் வைத்திருந்தார், வழக்கம்போலச் சொன்னார். ஆனால் குடிப்பதற்கு முன்னால், பாட்டிலைச் சுற்றிய பேப்பரை ஓரமாகக் கிழித்து லேபிளை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

குட்டு உடைந்தது என்னால்தான். ஜுரத்துக்கு முந்தின கோடையில், தேர்தலுக்காகக் கடையை மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கவலைப்பட்டு, இரண்டு பாட்டில் வாங்கி என் கடைப் பரணில், தகரக் கூரைக்குக் கீழே, ஒளித்து வைத்திருந்தேன். யாருக்கும் தெரியக் கூடாது என்று நன்றாக ஒளித்ததில் எனக்கே தெரியாமல் போயிற்று. பொங்கலுக்குக் கடையைச் சுத்தம் செய்தபோதுதான் அகப்பட்டது. மூடி துருப்பிடித்திருந்தது. துடைத்துக் கொண்டுபோனேன்.

நான்தான் ஊற்றினேன். சளி பிடித்திருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் லேபிளைப் பார்த்தார். ஒரு மடக்கு. ரயில் போயிற்று.

"புழுங்கலரிசி ஒலை," என்றார். "மூணாவது கொதி. பின்னால லேசா தேனு."

பேங்க் மாமா அதற்குள் கைப்பிடிச் சுவருக்கு ஓடித் துப்பிக்கொண்டிருந்தார். மெர்சி அக்கா டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"ணா, இது செத்த எலி."

அக்கா இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, ஒரு நெத்திலிக் கருவாட்டை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். அண்ணன் மூச்சை இழுத்தார். இன்னொரு தரம். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தினி நாளா?" என்றார் அக்கா.

"ஜொரத்துலேந்து." டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கோபாலபுரத்துல போன வாரம் கம்ப்ரசர் ஒயரு எரிஞ்சிகினு கீது. நான் அதும் முன்னாலயே குந்திகினு கீறேன். அந்த வூட்டுப் பொண்ணு வந்து 'அங்கிள், பொகை'ன்னு கத்துச்சு. மூக்கு இல்லாத மெக்கானிக்க எவன்மா வூட்டுக்குள்ள வுடுவான்?"

பேங்க் மாமா வாயைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். "மொதல்லயே சொல்லப்படாதா ஓய்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் நானே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என்னைத்தான் டாக்டர் நோயாளி என்று நினைத்தார்; அத்தனை வியர்த்திருந்தது. ஜுரத்தில் சிலருக்கு இப்படிப் போகும், திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், தினமும் காலையில் நாலு வாசனையை விடாமல் மோந்து பழக வேண்டும் என்றார். மாமா வீட்டிலிருந்து காப்பிப்பொடி வந்தது. அக்கா கருவாடு. நான் ஃப்ரேமுக்கு அடிக்கும் வார்னிஷ். நாலாவதாக அண்ணனே ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டார். தினமும் நாலையும் மோந்துவிட்டு, பில் புத்தகத்தில் எழுதினார். 'புகார்: இல்லை. இல்லை. இல்லை. இல்லை.'

ரிப்பேர் வேலைக்குப் போகும்போது, எரியும் வாசனை வந்தால் சொல்ல ஆள் வேண்டுமே. நான் கடையை மத்தியானம் மூடிவிட்டுக் கூடப் போனேன். எனக்கு எல்லா வீட்டிலும் எரிகிற வாசனை வந்தது. நாலு முறை மெயினை அணைத்தேன். மூன்று முறை பக்கத்து வீட்டில் தாளிப்பு.

ஞாயிற்றுக்கிழமை நிற்கவில்லை. இப்போது நாங்கள் குடித்துச் சொல்ல வேண்டும், அவர் எழுதுவார். "கரெக்டா சொல்லுங்கப்பா, எனக்கு வேற வழி கெடையாது" என்றார். ஒரு நாள் என் முறை வந்தது. அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். 'நல்லா இருக்கு' என்று சொல்லிப் பத்து ரூபாயோடு தப்பிக்க மனம் வரவில்லை.

"ஸ்கூல்ல சத்துணவுக்குச் சுண்டல் வேகும்ணே," என்றேன். "நான் நின்னதுக்கப்புறம் அந்தப் பக்கம் போனா காம்பவுண்டுக்கு வெளிய வரைக்கும் வாசனை வரும். அந்த மாதிரி."

அண்ணன் எழுதாமல் என்னைப் பார்த்தார். "இத்தினி நாளா எங்கடா வெச்சிருந்த இத்த?" என்று கேட்டுவிட்டு எழுதினார்.

இனி அன்றைக்கு வருகிறேன். டாக்டரிடம் போய் நாலு மாசம் ஆகியிருந்தது. கடை விடுமுறை என்று தெரியாமல் கூடிவிட்டோம். ஒரு சொட்டு இல்லை. என்னுடைய இரண்டாவது பாட்டில் மட்டும் தொட்டிக்கு அடியில் கிடந்தது. "காசு குடுத்து வாங்கினதைத் தூக்கிப் போடப்படாது, முருங்கைக்கு ஊத்தலாம்" என்று பேங்க் மாமா எடுத்துவைத்தது.

"கருவாட்டுக்கே இவுருக்கு ஏறல," என்றார் மெர்சி அக்கா. "அத்த தெறந்து பாப்பம், வா."

மாமா கைப்பிடிச் சுவர் ஓரம் போய்விட்டார். அக்கா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார். நான் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு திறந்தேன். காக்கா எழுந்து போயிற்று.

அண்ணன் டம்ளரை வாங்கி மூக்கடியில் பிடித்தார். ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. ரயில் ஒன்று வந்து, போயிற்று. அவர் முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"எலி," என்றார். "மெர்சி, செத்த எலி. ஈரக் கோணி வேற கீது. அடியில துரு." மறுபடி மோந்தார். மறுபடியும். நாங்கள் மூன்று பேரும் வாந்தி வரும் நிலையில் நிற்க, அவர் அந்தக் கண்றாவியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நல்லா கீதுப்பா!"

மெர்சி அக்கா உள்ளே போய் ஊறுகாய் பாட்டிலை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

"நான் பீரையா சொன்னேன்?" என்றார் அண்ணன். "மூக்கச் சொன்னேன்!"

அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. மூக்கு முழுசாகத் திரும்பிவிட்டது. மறுபடி வீடு வீடாகப் போய் மாவு கணக்கைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார். வந்ததும் நாங்கள் முதலில் அதைத்தான் கேட்கிறோம். அவரும் தவறாமல் மூக்கைத் தொட்டுக் காட்டுகிறார். ஒரு வாரம் பணத்தை எடுத்து நீட்டினார் என்றே வையுங்கள், வாங்க எங்கள் மூன்று பேருக்கும் கை வராது.

ஃப்ரிட்ஜ் அண்ணன் தர வேண்டிய பாக்கி, பத்து ரூபாய்.