பதினொன்றாம் எண் பச்சைப் பை

மதிப்பிற்குரிய சம்பந்தியும், குடியிருப்போர் சங்கத் தலைவருமான தங்களுக்கு,

மூன்றாம் மாடி, பதினொன்றாம் எண் வீட்டிலிருந்து வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். தங்கள் நலத்தை இன்று காலை லிஃப்டில் நேரிலேயே பார்த்துக்கொண்டேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். சம்பந்தியம்மாவின் முழங்கால் தேவலை என்று கேள்வி. நம் பிள்ளைகள் இருவரும் நலம் என்று நேற்று போனில் சொன்னார்கள். நான் பெண்ணைக் கொடுத்தவன், குரலை உயர்த்தக்கூடாது. அதனால்தான் வாயைத் திறக்காமல் பேனாவைத் திறந்திருக்கிறேன்.

தங்கள் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். இடம் போதாவிட்டாலும் கவலையில்லை, சங்கத்தின் பழைய சுற்றறிக்கைகள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றாம் எண் ஒட்டிய பச்சைப் பையில் மக்கும் குப்பையோடு மக்காத குப்பையும் கலந்திருந்ததாகவும், குப்பை வண்டி ஓட்டிவரும் விசில் அம்மா அதை எடுக்க மறுத்துச் சிவப்பு அட்டை கட்டி வாசல் கேட் அருகே வைத்துவிட்டுப் போனதாகவும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இருபத்துநான்கு வீட்டார் முன்னிலையில் நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும், தவறினால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மறுபயன்பாட்டு அறையின் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மன்னிப்பும் கேட்க மாட்டேன், சாவியும் தர மாட்டேன். இரண்டில் எதை முதலில் மறுக்க வேண்டும் என்று சங்கத்துக்கு விதி ஏதும் இருந்தால் தெரிவிக்கவும்.

ஆஸ்பத்திரி ஸ்டோரில் முப்பத்தோரு வருஷம் சாவி வைத்திருந்தவன் நான். ஒரு பஞ்சு உருண்டை இடம் மாறி இருந்ததில்லை. அப்படிப்பட்டவன் உருளைக்கிழங்குத் தோலையும் மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டான் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? அந்த அறையை யாருக்கும் வேண்டாத துடைப்பக்கட்டைகளின் அனாதை ஆசிரமமாக இருந்த நிலையிலிருந்து மீட்டது யார்? இரண்டாம் மாடி டீச்சரம்மா தூக்கிப் போட்ட மேசை விளக்கு இன்று ஐந்தாம் எண் பெண்ணின் பரீட்சைக்கு எரிகிறது. கைப்பிடி உடைந்த குக்கர், கால் ஆடிய நாற்காலி, வாய் திறக்காத சூட்கேஸ் எல்லாம் என் கையால் பிழைத்துப் போனவை. சம்பந்தியம்மா ஆபரேஷனுக்குப் பிறகு பிடித்து நடந்தார்களே, அந்த வாக்கர் யாரோ காயலான் கடைக்கு என்று ஒதுக்கியது. நான்தான் ரப்பர் மாற்றிக் கொடுத்தேன். அவ்வளவு ஏன், எட்டு மாதத்துக்கு முன்பு உங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது நீங்கள் படிக்கட்டில் தள்ளிவிட்ட சாமான்களை எல்லாம் மழையில் நனையாமல் காப்பாற்றியதும் இந்தக் கைதான். ரிட்டயர் ஆன பிறகு இரண்டு வருஷம் என்னை யாரும் எதற்கும் தேடவில்லை சம்பந்தி. அந்த அறை வந்த பிறகுதான் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அந்தச் சாவியைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடமாக இருக்கிறதே என்று, அந்தப் பையை நானே கேட்டருகிலிருந்து எடுத்துவந்து, கையுறை மாட்டி, பால்கனியில் செய்தித்தாள் விரித்து, ஒன்று விடாமல் பிரித்துப் பார்த்தேன். மேலாக வெங்காயச் சருகு, தோல், டீத்தூள் சக்கை. எல்லார் வீட்டுத் தோலும் ஒரே மாதிரிதான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதற்கடியில் இருந்தவைதான் வாயைத் திறந்து பேசின. முதலாவது, சம்பந்தியம்மா பெயர் எழுதிய முழங்கால் மாத்திரை அட்டைகள். இரண்டாவது, ஒரு காது இல்லாத மூக்குக்கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் பெண் பார்க்க வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாவது, ஒரு சுவர்க் கடிகாரம். 'இருபத்தைந்தாண்டுச் சேவையைப் பாராட்டி' என்று தங்கள் அலுவலகமும் தங்கள் பெயரும் பொறித்தது. நான்காவதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. குப்பை பிரிக்கும் திட்டத்தின் தொடக்க விழாவில் நீங்கள் ஆற்றிய உரை, தங்கள் கையெழுத்திலேயே, நான்கு பக்கம். முதல் வரி, 'மாற்றம் நம் வீட்டிலிருந்து தொடங்கட்டும்.' ஊருக்குத்தான் உபதேசம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தீர்கள், அதை என் வீட்டுச் சோற்றில் மறைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உங்கள் வீட்டுப் பையில் என் வீட்டு எண்ணை ஒட்டியது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. மாப்பிள்ளையின் முகத்துக்காக அதை விட்டுவிடுகிறேன். என் மனைவிதான் மூன்று நாளாக, "மன்னிப்புதானே, கேட்டுட்டுப் போங்களேன், வாய் என்ன தேஞ்சா போகும்?" என்கிறாள். கேட்காமலேயே இரண்டு வேளை அதிகமாக டீ போட்டுத் தருகிறாள். நேற்று என் சட்டைப் பொத்தானைக்கூடத் தைத்து வைத்திருந்தாள். அவள் மனசு அப்படி, சம்பந்தி வீட்டோடு சண்டை வேண்டாம் என்று பயப்படுகிறாள். எனக்கு மடியில் கனமில்லை, வழியில் பயமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அந்தப் பையோடு வருவேன். கடிகாரம் மட்டும் வராது. அதற்கு ஒரு பேட்டரியும் கொஞ்சம் எண்ணெயும்தான் குறை; போட்டவுடன் ஓடிவிட்டது. இதை எழுதும்போது என் தலைக்கு மேலே டிக் டிக் என்று உங்கள் சேவையைப் பாராட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டால் அதையும் திருப்பித் தருவதைப் பற்றி யோசிப்பேன்.

தங்கள் இல்லத்தில் எல்லாரும் நோய்நொடியின்றி, அவரவர் குப்பையை அவரவர் பையில் போட்டு, நீடூழி வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும், முழங்காலுக்கு என் விசாரிப்பும்.

இப்படிக்கு,
எதையும் ஒப்படைக்கப்போவதில்லை என்பதில் உறுதியுடன்,
பதினொன்றாம் எண்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் முன் மனைவியிடம் படித்துக் காட்டினேன். தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "இது நாலாவது தடவை," என்றாள். என்ன நாலாவது என்று கேட்டேன். உங்கள் வீட்டு வெள்ளையடிப்பில் நான் காப்பாற்றிய சாமான்களில் ஒரு அட்டைப் பெட்டி இருந்ததாம். 'அப்புறம் பிரித்துப் பார்க்கலாம்' என்று அதைக் கட்டிலுக்கடியில் தள்ளியவன் நானாம். பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் அதை இரண்டு தடவை கீழே மக்காத குப்பையில் ஒழுங்காகக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். இரண்டு தடவையும், 'பாரு, யாரோ நல்ல பெட்டியைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்' என்று நானே மேலே தூக்கிவந்து மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினேனாம். ஆக, முதலில் வந்ததோடு சேர்த்து இப்போது நான்கு.

"அதான் இந்தத் தடவை பெட்டியில இருந்ததைப் பச்சைப் பையில போட்டேன். மேல தோலும் சக்கையும் கொட்டினா நீங்க தொட மாட்டீங்கன்னு நெனச்சேன்," என்றாள். "கட்டிலுக்கடியில தொடப்பம் போயி எட்டு மாசமாச்சு. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. வீட்டு எண்ணை ஏன் ஒட்டினாய் என்று கேட்டேன். விதி அப்படித்தானே என்றாள்.

ஆகவே மேலே உள்ளதில் முகவரியும் முழங்கால் விசாரிப்பும் தவிர மற்றதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை. கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான். ஆனால் இரண்டு பக்கமும் எழுதிய தாளை வீணாக்குவது என் கொள்கைக்கு ஒத்துவராது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கிறேன், முதலில் விசில் அம்மாவிடம், அடுத்து உங்களிடம். வீட்டில் கேட்டாகிவிட்டது, அங்கே இன்னும் முடிவு தெரியவில்லை.

சாவி விஷயத்தில் மட்டும் மாற்றமில்லை. அது இப்போது என்னிடம் இல்லை, அவள் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தலைவர் கேட்கிறாரே என்றேன்.

"அந்த ரூமும் இல்லன்னா நீங்க நாள் முழுக்க வீட்டுலதான் இருப்பீங்க," என்றாள். "சாவி வேணும்னா சம்பந்திய என்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க."

வந்து கேட்டுப் பாருங்கள்.