ஆறுமணிக் குருவிக்குச் சப்பாத்தி

மைசூரில் ஒரு பறவை பசியோடு பறந்ததென்றால், அது விஜயநகரில் எங்கள் தெருப் பக்கம் வராத பறவையாகத்தான் இருக்க வேண்டும். வந்திருந்தால் கேன்டீன்காரர் விட்டிருக்க மாட்டார். உட்கார வைத்து, இரண்டாம் முறை பரிமாறி, ஏப்பம் விடும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருப்பார். பறவை ஏப்பம் விடுமா என்று கேட்காதீர்கள். அவர் தோட்டத்துத் தவிட்டுக் குருவிகள் விட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. வீட்டு வாடகைப் பத்திரத்தில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அதை யாரும் உபயோகித்ததாகத் தெரியவில்லை. ஊர் எல்லையில் இருந்த ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் முப்பது வருஷம் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் ஹனூர் பக்கத்து ராமாபுரம். கீழ் வீட்டில் அவரும் மனைவி சரசக்காவும் இருந்தார்கள். மாடியில் தனிக்கட்டையாக நான் குடியிருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரே ஒரு சிக்கல். இரண்டு பேருக்குச் சமைக்க வரவில்லை. கை பழகிய அளவு அப்படி. “கொஞ்சூண்டு உப்புமா” என்று அடுப்பைப் பற்ற வைப்பார். இறக்கும்போது ஒரு கல்யாணப் பந்தியின் முதல் வரிசைக்குக் காணும். முதல் மாதம் சரசக்கா அதைத் தெரு முழுக்கக் கொடுத்தார். இரண்டாம் மாதம் சரசக்கா தூக்குச்சட்டியோடு வருவதைப் பார்த்தாலே தெரு கதவைச் சாத்திக்கொண்டது. மூன்றாம் மாதம், இனி சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று அவருக்குத் தடை போடப்பட்டது. மாடியில் இருந்த நான் மட்டும் தப்பிக்க வழியில்லாமல் இரண்டு சுற்றுப் பெருத்தேன்.

அது கார்த்திகை மாதம். மைசூர்க் குளிர் ஆரம்பித்திருந்தது. குரங்குக் குல்லாவும் சால்வையுமாகப் பின்கட்டுப் படியில் வேலையிழந்து உட்கார்ந்திருந்தவரைக் கொய்யா மரத்திலிருந்து ஒரு மைனா பார்த்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவர் என்னிடம் அதை விவரித்தது வேறு மாதிரி.

“சும்மா பாக்கலீங் தம்பி. தட்டக் கையில வெச்சுக்கிட்டு ‘இன்னும் ஆகலியா’ன்னு பாப்பானுங்களே, அந்தப் பார்வைங் அது.”

மறுநாள் காலை தோட்டத்தில் கேன்டீன் திறப்பு விழா. பறவைகளுக்கு என்றதும் சரசக்கா தடையைத் தளர்த்தியிருந்தார். மூன்று பழைய எவர்சில்வர் தட்டுகள், மூன்று செங்கல் மேடைகள். முதல் மேடையில் தினையும் கேழ்வரகும், சிட்டுக்கும் புறாவுக்கும். இரண்டாவதில் பப்பாளியும் வாழைப்பழமும், கொண்டைக்குருவிக்கும் குக்குறுவானுக்கும். மூன்றாவது, யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று உப்புமா. குளிர் காலத்தில் எதற்கு இவ்வளவு என்று கேட்டதற்கு, நைட் ஷிஃப்ட்காரர்கள் மார்கழியில் எப்போதும் இரண்டு மடங்கு சாப்பிடுவார்கள் என்றும், இது தனக்குத் தெரியாதா என்றும் பதில் வந்தது.

காலை ஆறு மணிக்குக் கரண்டியால் தட்டில் மூன்று தட்டு. என் தூக்கம் அத்தோடு முடிந்தது. அதன் பிறகு கன்னடத்தில் அதட்டல். கேன்டீன் முழுக்கக் கன்னடத்திலேயே நடத்தியவர் என்பதால் மைசூர்ப் பறவைகளுக்கும் கன்னடம்தான் என்று முடிவு செய்திருந்தார். “சாலாகி பன்னி, சாலாகி பன்னி” என்று வரிசையில் வரச் சொல்வார். காகங்கள் முண்டினால் “ஸ்வல்ப தாளி”, கொஞ்சம் பொறு என்று கரண்டியைக் காட்டுவார். தவிட்டுக் குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து வந்து கத்துவதால் அவற்றுக்கு யூனியன்காரர்கள் என்று பெயர். அவர்களுக்கு முதலில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் வேலை நடக்காது என்பார்.

மைனாக்கள் உப்புமாவில் இருந்த கறிவேப்பிலையை எடுத்து ஓரமாக வைப்பதைக் கண்ட அன்று அவர் முகத்தில் இருந்த பூரிப்பைச் சொல்ல வேண்டும். “அப்படியே என்ற வெல்டிங் செக்‌ஷன் பசங்க மாதிரியே பண்ணுதுங் தம்பி” என்று என்னை மாடியிலிருந்து இறங்கி வரச் சொல்லிக் காட்டினார். என் அலுவலகத்தில் பறவை பார்க்கும் பழக்கமுள்ள ஒருவர் உண்டு. உப்பு பறவைகளுக்கு ஆகாது என்று அவர் சொன்னதைத் தயங்கித் தயங்கி இவரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ரத்தக்கொதிப்புக்காரர்களுக்குத் தனியாக ஆக்கிப்போட்ட அனுபவம் தனக்கு உண்டு என்று சொல்லி, மறுநாள் முதல் உப்பு, தாளிதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரவையை வெறுமனே வேக வைத்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுத்தம். சாப்பிடும் இடத்தில் ஒரு பருக்கை கிடந்தாலும் அவருக்குப் பொறுக்காது. தோட்டத்தைக் காலையும் மாலையும் சரசக்கா பெருக்க வேண்டும். சப்போட்டா மரத்தடியில் ஒரு இலை விழுந்தால் அது தரையைத் தொடுவதற்குள் இவர் பார்த்துவிடுவார்.

இப்படி ஜேஜே என்று நடந்துகொண்டிருந்த கேன்டீனுக்கு ஒரு நாள் அந்தப் புது ஆள் வந்தான்.

குட்டை வால், பச்சை முதுகு, இறக்கையில் ஒரு நீலத் திட்டு, வயிற்றடியில் சிவப்பு, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை. காலை ஆறு மணிக்கு இரண்டே சுரத்தில் ஒரு விசில். மாலை ஆறு மணிக்கு இன்னொரு விசில். நடுவில் சத்தமே இல்லை. கேன்டீன்காரர் சொக்கிப்போனார். முப்பது வருஷம் சங்குச் சத்தத்துக்கு வாழ்ந்த மனிதருக்கு, நேரம் தவறாத ஒரு ஜீவனைக் கண்டால் சொல்ல வேண்டுமா? அலுவலக நண்பரிடம் விசாரித்து வந்து, அதன் பெயர் ஆறுமணிக் குருவி, குளிர் காலத்துக்காக வடக்கே இருந்து வருகிறது, பங்குனி சித்திரையில் திரும்பிப் போய்விடும் என்று நான்தான் அவருக்குச் சொன்னேன். அதில் ‘வடக்கே’ என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏனென்றால் அந்தக் குருவி சாப்பிடவில்லை. தட்டுகளுக்கு நடுவே தத்தித் தத்தி வரும், தினையைப் பார்க்கும், பப்பாளியைப் பார்க்கும், ஒன்றையும் தொடாமல் வேலியோரமாகப் போய்விடும். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் காலை என் ஜன்னலுக்குக் கீழே சப்பாத்தி வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். நாலாவதாக ஒரு மேடை முளைத்திருந்தது. அதில் கடுகளவு கடுகளவாகப் பிய்த்த சப்பாத்தி. பக்கத்தில் குந்தியிருந்து கேன்டீன்காரர், “ஆவோ பேட்டா, கா லோ”, வா மகனே, சாப்பிடு என்று இந்தியில் கெஞ்சிக்கொண்டிருந்தார். வடக்கத்தி ஆளுக்கு ரவையும் கேழ்வரகும் போட்டால் எப்படி இறங்கும் என்பது அவர் கட்சி.

குருவி தொடவில்லை. மறுநாள் நெய் தடவாமல் ஃபுல்கா. அதற்கு மறுநாள் உருளைக்கிழங்கு வைத்த பரோட்டா. பிறகு கிச்சடி. யூனியன்காரர்கள் எல்லாவற்றையும் தின்று கொழுத்தார்கள். குருவி வேலியோரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனது. நான் சிரித்தேன். தெருவும் சிரித்தது. அவர் மட்டும் நாளுக்கு நாள் வாடிப்போனார். மற்ற பறவைகளை அதட்டுவதைக்கூட விட்டுவிட்டார்.

“எதுக்குங்க அக்கா இவ்வளவு? ஒரு குருவிதானே?” என்று ஒரு நாள் சரசக்காவிடம் கேட்டேன். மூட்டு வலியோடு படியில் உட்கார்ந்திருந்தவர், அவர் காதில் விழாதபடி சொன்னார்.

“பீகார்ப் பக்கத்து ஆளு ஒருத்தரு, மீசையெல்லாம் நரைச்சவரு, புதுசா வேலைக்கு வந்திருந்தாருங் தம்பி. தெனமும் தட்ட வாங்குவாரு, கொஞ்ச நேரம் உக்காந்திருப்பாரு, அப்படியே கொண்டாந்து வெச்சுட்டுப் போயிருவாரு. இவருக்கு அவரு பாஷை தெரியாது. ஒரு வாரம் இருந்தாரு. அப்புறம் சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போயிட்டாரு. அதுக்கப்புறந்தானுங் இவரு சப்பாத்தியும் இந்தியும் பழகுனது. என்ற கேன்டீன்ல இருந்து பட்டினியோட போன ஒரே மனுசன்னு இப்பவும் சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாரு.”

அதன் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குருவி ஒரு கவளமாவது சாப்பிட்டுவிட வேண்டுமே என்று நானும் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன்.

தை பிறந்ததும் இருவரும் மாதேஸ்வரன் மலைக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போனார்கள். ஐந்து நாள் கேன்டீன் பொறுப்பு என் தலையில். என்னென்ன, எத்தனை மணிக்கு, எந்தத் தட்டில் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் பெருக்குவதைப் பற்றி எழுத மறந்துவிட்டார். அது எழுதித் தெரிய வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. நானோ என் அறையையே பெருக்காத ஆள். சப்போட்டா மரத்தடியில் ஐந்து நாள் சருகு சேர்ந்தது. ஒரு நாள் பெய்த தூறலில் நனைந்து நன்றாக ஊறியும் போனது.

அவர்கள் திரும்பி வரும் நாளன்று விடிந்ததும்தான் எனக்குத் தோட்டத்தின் கோலம் உறைத்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். சப்போட்டா மரத்தடியில் யாரோ சருகைப் புரட்டும் சரசர சத்தம். குருவிதான். ஒரு இலையை அலகால் தூக்கி எறிந்தது. அடியில் இருந்து ஒரு மண்புழுவை இழுத்து விழுங்கியது. இன்னொரு இலை, இன்னொரு புழு. நாலு கவளம், ஐந்து கவளம். துடைப்பத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.

மதியம் பஸ்ஸில் வந்திறங்கியவருக்கு முதலில் தெரிந்தது குப்பைதான். முகம் சிவந்துவிட்டது. நான் விஷயத்தைச் சொன்னதும் இன்னும் சிவந்தது. தன் வீட்டுக்கு வந்த விருந்தாளி குப்பையைக் கிளறிச் சாப்பிட்டான் என்பதை எந்தச் சமையல்காரர்தான் ஏற்பார்? ஆனாலும் துடைப்பத்தை எடுக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு முன்பே சமையலறை ஜன்னலோரம் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். விசில் கேட்டது. குருவி சருகுக்குள் இறங்கியது. புரட்டியது. தின்றது.

அவர் குல்லாவைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சாப்படறாரு, சரசு” என்றார். சாப்படறான் என்று சொல்லவில்லை. சரசக்கா அவர் தோளில் கை வைத்தார்.

அன்று முதல் எங்கள் தெரு வேறொரு வேடிக்கையைக் கண்டது. குரங்குக் குல்லா போட்ட ஒரு பெரியவர் சாக்கோடு வாசல் வாசலாக நின்று, குப்பை வண்டிக்குப் போட வைத்த சருகைக் கேட்டு வாங்கிப் போனார். மாவிலை வேண்டாம், சீக்கிரம் மக்காது. வாதாமரத்து இலை என்றால் நல்லது என்று தரம் பார்த்து வாங்கினார். தெருச் சங்கத்தின் செயலாளர் வந்து, விஜயநகரில் இவ்வளவு அசுத்தமான தோட்டம் வேறு கிடையாது என்று புகார் சொன்னார். கேன்டீன்காரர் அவரை உட்கார வைத்து உப்புமா கொடுத்தார். செயலாளர் அதன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

பங்குனியில் ஒரு நாள் காலை விசில் கேட்கவில்லை. மாலையிலும் கேட்கவில்லை. அவர் வருத்தப்படுவார் என்று பயந்து கீழே போனேன். சருகை ஒரு குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். நேற்று அந்தியில் நெடுநேரம் சாப்பிட்டதாகவும், பிரயாணம் போகிறவன் சாப்பிடுவது போலச் சாப்பிட்டதாகவும் சொன்னார். அவர் அவ்வளவு நிம்மதியாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் என் அலுவலகம் நகரத்தின் மறுகோடிக்கு மாறியது. வீட்டைக் காலி செய்தேன். சாமான்களை டெம்போவில் ஏற்றி முடித்து நானும் ஏறி உட்கார்ந்ததும், ஒரு பெரிய அடுக்கை என் மடியில் கொண்டுவந்து வைத்தார் கேன்டீன்காரர். புளிச்சோறு. வழியில் சாப்பிடுவதற்காம். வழி என்பது அரை மணி நேரம். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுக்கின் மூடியை அழுத்தி அழுத்திச் சரி செய்துகொண்டிருந்தார்.

ரிங் ரோட்டில் ஒரு புங்க மரத்தடியில் டெம்போவை நிறுத்தச் சொன்னேன். டிரைவரும், சாமான் ஏற்ற வந்த இருவரும், நானுமாக இனி முடியாது என்கிற வரைக்கும் சாப்பிட்டோம். பிறகு அவருக்குப் போன் செய்தேன்.

“சாப்டாச்சுங் அண்ணா. வயிறு நெறைய.”

“மிச்சமிருக்குதுங்களா தம்பி?”

அடுக்கில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. ஒரு பருக்கைகூட இல்லை என்று சொன்னேன். அவருக்காக இதைவிடப் பெரிய பொய்யையும் சொல்லியிருப்பேன்.