லாரியைக் குறுக்கு விசாரணை செய்தவர்

நெல்லைச் சீமையில் கறுப்புக் கோட்டுப் போடாமல், சட்டம் படிக்காமல், வெறும் கிரீஸ் கையோடு வக்கீல் என்று பேரெடுத்தவர் ஒரே ஒருவர்தான். தொழில், டீசல் மெக்கானிக். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். கோர்ட்டில் நிஜ வக்கீல்கள் திணறடித்த சாட்சிகளைவிட, இவரிடம் திணறிய லாரி டிரைவர்கள் அதிகம்.

வண்டி ரிப்பேர் என்று கூப்பிட்டால் மற்ற மெக்கானிக்குகள் ஸ்பேனரை எடுப்பார்கள். இவர் ஒரு பழைய டயரை உருட்டி வந்து அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அப்புறம் கேள்விதான். "எஞ்சினுக்குப் பொய் சொல்லத் தெரியாது வே. கூட வந்தவன்தான் சொல்லுவான். முதல்ல அவனைத்தான் கழத்திப் பாக்கணும்" என்பார்.

ஒருமுறை ஒரு வேன் வந்தது. வண்டிக்காரரிடம், கடைசியாக என்ன லோடு என்று கேட்டார். தேங்காய். அதற்கு முந்தி? வெங்காயம். அதற்கும் முந்தி? அந்த மனிதர் வானத்தைப் பார்த்தார், பூமியைப் பார்த்தார். கடைசியில், "புன்னக்காயல்ல இருந்து மச்சினனுக்குக் கொஞ்சம் கருவாடு" என்று முனகினார். "அப்படி வாரும் வழிக்கு!" என்று வக்கீல் எழுந்தார். வாடைக்கு வந்த எலி டீசல் குழாயைக் கடித்துப்போட்டுவிட்டு, பிள்ளைகுட்டிகளோடு உள்ளேயே குடியிருந்தது.

பாளையங்கோட்டை ஹெட்மாஸ்டர் ஒருவர், ரிட்டயரானவர், ஜீப்பைக் கொண்டுவந்தார். இழுவை இல்லை என்று தொடங்கி, ஜீப்பின் வரலாறு பூராவும் சொல்ல ஆரம்பித்தார். "சார், ஆமா, இல்ல, ரெண்டுதான். வேற பேச்சு வேண்டாம்" என்றார் வக்கீல். மூன்று தலைமுறையைப் பெஞ்சுமேல் ஏற்றிய மனிதர், தன்னை அறியாமலே எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். நாலாவது கேள்வியில் விஷயம் வெளியே வந்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்காமலே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அப்போது நான் தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் கிளார்க். முதலாளி அண்ணாச்சி தங்கமானவர். சந்தேகம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. தன் நிழல் பின்னால் வந்தால்கூட "யாருலே அது?" என்று திரும்பிப் பார்ப்பார்.

ஆயுத பூசை முடிந்த மறுநாள் காலையில் எங்கள் பழைய லாரிக்குக் கிறுக்குப் பிடித்தது. சாவியைத் திருகினால் ஜம்மென்று எடுக்கும். பைபாஸ் ஏறுவதற்குள் இரண்டு இருமல் இருமி நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மறுபடி எடுக்கும். மறுபடி நிற்கும். ஒரு மெக்கானிக் பில்டரை மாற்றினார். இன்னொருவர் பம்பைக் கழற்றி மாட்டினார். மூன்றாமவர் ஒரு லேப்டாப்போடு வந்து, லாரியில் அதைச் சொருக இடம் தேடிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் அண்ணாச்சிக்குச் சந்தேகம் தலைக்கேறியது. பத்துப் பேர் பார்க்க டிரைவர் இசக்கிமுத்துவைப் பிடித்துக்கொண்டார். "டீசலை வித்துட்டு மண்ணெண்ணெயும் தண்ணியும் ஊத்திருக்க. கள்ளப்பய! சாவியை வச்சுட்டு நடையைக் கட்டுலே!" இசக்கி சாத்தான்குளத்துக்காரர். பன்னிரண்டு வருசமாக அந்த ஒரே வண்டியை ஓட்டியவர். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். கள்ளன் என்ற பேரோடு வெளியே போனால் வேறு எந்த ஷெட்டில் அவரைச் சேர்ப்பார்கள்? எனக்கு மனசு கேட்கவில்லை. வக்கீலுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

வந்தார். டயரை உருட்டினார், உட்கார்ந்தார். "அண்ணாச்சி இசக்கியை வையும்போது யாரெல்லாம் நின்னா? அத்தனை பேரும் இங்கன வாங்க" என்றார். லோடுமேன்கள், வாட்ச்மேன், டீக்கடைக்காரர் எல்லோரும் கூடினார்கள். டேங்கிலிருந்து ஒரு பாட்டிலில் டீசல் பிடித்து வெயிலில் வைத்தார். அரைமணி நேரம் ஷெட்டே அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அண்ணாச்சி, அடியில தண்ணி தங்கியிருக்கா?"

"இல்ல."

"மோந்து பாருங்க. மண்ணெண்ணெய் வாடை அடிக்கா?"

"அடிக்கல."

"டேங்குல அளவு குறைஞ்சிருக்கா?"

"அதுவும் இல்ல."

"அப்ப இசக்கி என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல போலுக்கு."

"போலுக்கா? சத்தமாச் சொல்லுங்க. அந்தா, பின்னால நிக்கவனுக்குக் கேக்கல."

"ஒண்ணும் செய்யல வே!" என்று அண்ணாச்சி கத்திய கத்தில் வேப்பமரத்துக் காக்காய் பறந்தது.

அடுத்து விசாரணை வண்டிப் பக்கம் திரும்பியது. மெக்கானிக்குகள் வேலை பார்த்தபோது வண்டி ஓடியதா? நன்றாக ஓடியது. அப்போது டேங்க் மூடி திறந்திருந்ததா? திறந்திருந்தது. கிளம்பும்போது? மூடினோம். கோளாறு எப்போது தொடங்கியது? பூசைக்கு மறுநாள்.

"பூசை போட்டது யாரு?"

"நான்தான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தேன்.

"எங்கெல்லாம் சந்தனம் வச்சீரு?"

இதைக் கேட்க ஒருத்தர் வரமாட்டாரா என்று இரண்டு நாளாக ஏங்கிக்கொண்டிருந்தவன் நான். ஸ்டீயரிங், ஹெட்லைட், கண்ணாடி, பத்து டயர், ஸ்டெப்னி, ஜாக்கி என்று விரல்விட்டுச் சொன்னேன். "டேங்க் மூடியை விட்டுட்டீரா?" என்றார், பைய.

"விடுவேனா? அதுலதான் விசேசமே! மூடி நடுவுல ஒரு சின்ன ஓட்டை அசிங்கமா இருந்துச்சு. அதை நல்லா அடைச்சு, மேல வட்டமா அப்பி, குங்குமம் வச்சேன். உதிரக் கூடாதுன்னு சந்தனத்துல ஆபீஸ்ல லேபிள் ஒட்டுத மைதாப் பசையும் கலந்தேன். கல்லு மாதிரி நிக்கி, பாரும்!"

வக்கீல் கூட்டத்தைப் பார்த்தார். "வண்டி மூச்சு விடுத ஓட்டை அதுதான். டீசல் போகப் போக அந்த இடத்துக்குக் காத்து உள்ள வரணும். இவரு மூக்கைப் பொத்திட்டாரு. அது என்ன செய்யும், பாவம்?"

இசக்கியை ஏற்றி வண்டியை எடுக்கச் சொன்னார். எடுத்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சிறிது நேரத்தில் வழக்கம்போல் இருமி நின்றது. வக்கீல் மூடியைத் திருகினார். டேங்க் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை இழுத்தது பாருங்கள், எங்கள் பத்துப் பேருக்கும் சேர்த்து அதுவே பெருமூச்சு விட்டது! ஒரு கம்பியால் என் கைவண்ணத்தைக் குத்தித் தள்ளி, மூடியை இறுக்கினார். அப்புறம் அரைமணி நேரம் ஓடியும் வண்டி நிற்கவில்லை.

நின்றது என் நாடிதான். "ஏலே, நீதானா அது!" என்று அண்ணாச்சி ஒரு கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். லாரியை இரண்டு முறை வலம் வந்தோம்; முன்னால் நான், பின்னால் அவர். "அண்ணாச்சி! அவரு சாமிக்குச் செஞ்சாரு, அவரை விடுங்க. நீங்க செய்யவேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார் வக்கீல்.

அண்ணாச்சி நின்றார். மூச்சு வாங்க, கேபினிலிருந்து இறங்கிச் சாவியை நீட்டிய இசக்கியிடம் போய், அதை அவர் கையிலேயே வைத்துப் பொத்தினார். "நீ களவாங்கல. நான்தான் அவசரப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதலே." இசக்கி தலையை மட்டும் ஆட்டினார். மேலே ஏறி உட்கார்ந்தவர் துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் கங்கைகொண்டான் லோடுக்கு வண்டி புறப்பட்டது. பைபாஸ் திரும்பும்வரை, குறுக்கே ஒரு நாய்கூட இல்லாத ரோட்டில், ஹார்ன் அடித்துக்கொண்டே போனார்.

டீக்கடையில் வக்கீலிடம் கேட்டேன். "இந்தக் கோளாறை எப்பக் கண்டுபிடிச்சீரு?"

"உள்ள வரும்போதே. மூடில தோசை கணக்கா அப்பியிருந்துச்சே."

"அட பாவி மனுசா! பொறவு எதுக்கு இவ்வளவு நேரம் கேள்வி? அப்பமே குத்தி எடுத்திருக்கலாம்லா?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "எடுத்திருந்தா வண்டி ஓடியிருக்கும் வே. இசக்கி பேரு? அண்ணாச்சி பத்துப் பேரு கேக்கக் கள்ளன்னுட்டாரு. இல்லன்னும் அவரு வாயாலதான், அந்தப் பத்துப் பேரும் கேக்க வரணும்."

அப்படியே காலில் விழுந்திருப்பேன். "எதுக்கு வே விழுந்தீரு? எப்பத் தோணுச்சு? இதுக்கு முந்தி யாரு காலுல விழுந்தீரு?" என்று ஆரம்பித்துவிடுவாரே என்று பயந்து, என் டீயில் பாதியை அவருடைய கிளாசில் ஊற்றினேன்.